தொலைந்த உண்டியலுக்கு என்ன செய்தார்கள்?

உண்டியல் என்றதும் நம்மில் பலருக்குக் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வரும். ஒன்றிரண்டு தலைமுறை முன்னால், குறிப்பாகக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு வேறோர் ஊரில் வாங்கிக்கொள்வதற்காக எழுதித் தரும் காகிதம். வடக்கே இதே சொல்தான் ஹுண்டி. ஈழத் தமிழர்களிடம் இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கு. டொரண்டோவில் ஒருவர் "உண்டியல்ல காசு அனுப்பினனான்" என்று சொன்னால் சாமிக்குக் காணிக்கை போட்டதாக அர்த்தம் இல்லை.

ஹுண்டியைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் பணம் எப்படி ஊர் விட்டு ஊர் போனது என்பதைத்தான் விளக்குகிறார்கள். வட்டி எவ்வளவு, வட்டம் எவ்வளவு, யாருக்கும் யாருக்கும் கணக்கு நேரானது எப்படி என்று. எனக்குப் பிழைப்பு சாஃப்ட்வேர். ஒரு சிஸ்டம் ஒழுங்காக ஓடும்போது அதைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது, உடையும்போது என்ன செய்கிறது என்று பார்க்கணும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதனால் என் கேள்வி கொஞ்சம் வேறு. காகிதம் தொலைந்துபோனால் என்ன செய்தார்கள்? தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் நின்றுகொண்டு, "இது என் பணம்தான், நான் இன்னார்தான்" என்று ஒருவன் எப்படி நிரூபித்தான்?

முதலில் ஹுண்டியையே பார்ப்போம். அதன் வாசகம் ஒரு கடிதம் மாதிரி இருக்கும். இன்ன ஊர் இன்ன சேட்டுக்கு, இன்ன ஊரிலிருந்து இன்னார் நமஸ்காரம் சொல்லி எழுதுவது என்று தொடங்கும். பிறகு தொகை. 1000 ரூபாய் என்று எழுதிவிட்டு நிறுத்த மாட்டார்கள். இதில் பாதி 500, அந்த 500-க்கு இரட்டிப்பைக் கொடுக்கவும் என்று சேர்த்து எழுதுவார்கள். நடுவில் யாராவது ஒரு சைபரைக் கூட்டினால் பாதிக் கணக்கு இடிக்கும். கம்ப்யூட்டர் ஆட்கள் செக்சம் என்று சொல்வது இதைத்தான்.

காகிதம் வழியில் தொலைந்துவிட்டால், எழுதிக் கொடுத்தவர் இரண்டாவதாக ஒன்று எழுதித் தருவார். அதற்குப் பெயர் பைட். (கம்ப்யூட்டர் பைட் இல்லை.) இன்ன தேதியில் இன்ன தொகைக்கு ஒரு ஹுண்டி எழுதினோம், அது தொலைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அதற்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் இதற்குக் கொடுங்கள் என்பது அதன் சாரம். அதுவும் தொலைந்தால் மூன்றாவதாக பர்பைட். மூன்றும் போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மேஜர்நாமா என்று ஒன்று. ஊரின் பெரிய வியாபாரிகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, இவர் சொல்வது உண்மை, நாங்கள் அறிவோம் என்று எழுதும் கடிதம். அதாவது காகிதத்தை நம்பி மூன்று முறை தோற்ற பிறகு, மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பணம் கொடுத்து முடிந்த ஹுண்டிக்கு கோக்கா என்று பெயர். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், பைட் வந்து நின்றால் எடுத்துக் காட்ட. ஒரே கட்டளை இரண்டு முறை வந்தாலும் வேலை ஒரு முறைதான் நடக்க வேண்டும் என்பதற்காக இன்று பணப் பரிமாற்ற புரோகிராம் எழுதுகிறவர்கள் எவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஷா ஜோக் என்ற வகை ஹுண்டி. ஷா என்றால் கடைத்தெருவில் பெயர் உள்ள மனிதர். அந்த ஹுண்டிக்கு அப்படிப்பட்ட ஒருவர் மூலமாக மட்டும்தான் பணம் தருவார்கள். திருடன் கையில் சிக்கினால் அவனால் நேரே போய் மாற்ற முடியாது, ஒரு ஷாவைப் பிடிக்கணும். தவறான ஆளுக்குப் பணம் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தால் அந்த ஷா திருப்பிக் கட்டணும். இதனால் ஷா சும்மா எவனுக்கும் தலையைக் கொடுக்க மாட்டார். இவன்தான் அவன் என்று சொல்கிற வேலைக்கு ஒரு ஆள், அந்தச் சொல்லுக்கு ஒரு விலை. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஐரோப்பியர்கள் இதே சிக்கலை வேறு விதமாக அணுகினார்கள். கடல் கடந்து போகும் மாற்றுச் சீட்டை முதலிலேயே மூன்று பிரதி எழுதிவிடுவார்கள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றிலும் குறிப்பு இருக்கும், மற்ற இரண்டுக்கும் பணம் தரப்படாமல் இருந்தால் இதற்குத் தரவும் என்று. மூன்றையும் வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். கப்பல் மூழ்கும் என்பதை முதல் நாளே கணக்கில் சேர்த்துக்கொண்ட திட்டம். ஹுண்டியில் தொலைந்த பிறகு திரும்பப் போய்க் கேட்கணும், இதில் போக வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் சாதாரண ஜனங்களும் இதற்கு ஒரு மலிவுப் பதிப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். கரன்சி நோட்டை நடுவில் வெட்டி ஒரு பாதியைத் தபாலில் அனுப்புவது, சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறு பாதியை அனுப்புவது. இரு பாதியிலும் எண் இருக்கும், ஒட்டிக்கொள்ளலாம். இப்படி வெட்டி ஒட்டிய நோட்டுகள் பழைய நாணயம், நோட்டு சேகரிப்பவர்களிடம் இன்றும் இருக்கின்றன.

சட்டமும் பின்னாலேயே வந்தது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்ட் என்று வங்கியில் வேலை பார்ப்பவர்கள் சொல்வது, தன் முதல் பிரிவிலேயே கீழைநாட்டு மொழிகளில் எழுதப்படும் சீட்டுகளின் உள்ளூர் வழக்கத்தில் கை வைக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டது. ஹுண்டி தன் வழியில் போகட்டும் என்று அர்த்தம். 1885-இல் அதில் 45ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தவணை முடிவதற்கு முன் சீட்டைத் தொலைத்தவர், எழுதிக் கொடுத்தவரிடம் அதே மாதிரி இன்னொன்று கேட்கலாம். ஆனால் தொலைந்தது பின்னால் எங்காவது முளைத்தால் வரும் நஷ்டத்துக்கு, கேட்டால் ஈடு தரணும். டிமாண்ட் டிராஃப்ட் தொலைந்து டூப்ளிகேட் கேட்டவர்கள் வங்கியில் இண்டெம்னிட்டி பாண்ட் எழுதிக் கொடுத்திருப்பீர்களே, அந்த வம்சம்தான்.

இதெல்லாம் வியாபாரிகளுக்கு. வெறுமனே பயணம் போகிறவன் என்ன செய்வான்? ராபர்ட் ஹெரீஸ் என்ற லண்டன் வங்கிக்காரர் 1772-இல் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். ஐரோப்பாவில் 90 நகரங்களில் மாற்றிக்கொள்ளக்கூடிய சுற்றுச் சீட்டுகள். இந்த வகைச் சீட்டுகளோடு தனியாக ஒரு அடையாளக் கடிதம் தருவார்கள். பயணியின் மாதிரிக் கையெழுத்து அதில் இருக்கும். சீட்டை ஒரு பையிலும் கடிதத்தை வேறு பையிலும் வைத்துக்கொள்ளணும் என்பது விதி. ஒன்று மட்டும் திருடனுக்குக் கிடைத்தால் பயனில்லை. இரண்டு தனித்தனிச் சான்று, இரண்டு தனித்தனி இடம். தாமஸ் குக் நிறுவனம் 1874-இல் இதையே சுற்றுலாப் பயணிகளுக்குக் கொண்டுபோனது.

1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இதைச் சுருக்கிவிட்டது. அதன் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பாவுக்குப் போய், பெரிய நகரங்களைத் தாண்டினால் தன் கடன் கடிதத்தை யாருமே மதிக்கவில்லை என்ற கடுப்பில் திரும்பி வந்தார். அவரிடம் வேலை பார்த்த மார்செல்லஸ் பெர்ரி உருவாக்கியதுதான் டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது எதிரில் இருப்பவர் பார்க்க இன்னொரு கையெழுத்து. தனிக் கடிதம் தேவையில்லை, சான்று அந்தத் தாளிலேயே இருக்கு. அதைவிடப் பெரிய விஷயம், தொலைந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. எண்களைத் தனியாகக் குறித்து வைத்திருந்தால் போதும். காசையே கையில் கொண்டுபோகலாமே, எதற்கு கமிஷன் கொடுத்து இந்தத் தாளை வாங்கணும்? அந்த உறுதிக்காகத்தான். அவர்கள் விற்றது செக்கே இல்லை, மறுநகலைத்தான் என்று கூடச் சொல்லலாம்.

இப்போது நம் ஆட்களிடம் வருவோம். 1929-30-இல் பர்மாவில் வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கின்படி அங்கே சுமார் 1650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்தன. ரங்கூனில் முகல் தெருவில் கிட்டங்கிகள். அதேபோல் பினாங்கு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, கொழும்பு செட்டியார் தெரு. செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்காக மேலாள் ஒருவர் மூன்று வருஷக் கணக்கில் கடல் கடந்து போய் உட்கார்ந்து தொழில் பார்ப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். இந்த ஊர்களுக்கிடையே பணம் உண்டியலாக ஓடியது. கேட்டவுடன் கொடுக்க வேண்டிய தரிசன உண்டியலும் இருந்தது, தவணை உண்டியலும் இருந்தது.

இவர்களிடம் அடையாளத்துக்கு என்ன ஏற்பாடு? விலாசம். இங்கே விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை. தாத்தா, அப்பா, மகன் என்று பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த தொழில் அடையாளம். மு.சித.மு. என்று பார்த்தவுடன் எந்த வீடு, எத்தனை தலைமுறை, யார் பங்காளி என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். இதோடு எந்த ஊர், ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால், ரங்கூனில் காகிதமே இல்லாமல் வந்து நிற்கும் ஆளைக்கூட அடையாளம் கண்டுவிட முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொண்டால் அவனுக்கு மட்டும் இல்லை, அந்த விலாசத்துக்கே இழுக்கு. ஷாவுக்கு இருந்த அதே விலை.

பின்னால் இதே வட்டத்திலிருந்து மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அந்த மூன்று ஊர்ப் பெயரை வரிசையாகப் படித்தாலே பழைய உண்டியல் ஓடிய பாதை தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கணும். உண்டியலைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கே நெகிழ்ந்துபோய் "அந்தக் காலத்து நம்பிக்கை, நாணயம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு உள்ளே விலாசம் உள்ளவர்கள். அதே கப்பலின் மேல்தளத்தில் பினாங்கு போய் இறங்கிய தோட்டத் தொழிலாளிக்கு எந்த விலாசமும் இல்லை. அவருக்கு ஷாவாக நிற்க யாரும் கிடையாது, கங்காணியைத் தவிர. கங்காணி தன்னிடமே கடன்பட்டவருக்கு எப்படி நடுநிலையாகச் சாட்சி சொல்வார்?

அந்த ஆளுக்கு வழி திறந்தது தபால் ஆபீஸ். இந்தியாவில் மணியார்டரைத் தபால் துறை 1880-இல் எடுத்துக்கொண்டது. மலாயாவிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக் கிராமங்களுக்கு மணியார்டர் வர முடிந்தது. அனுப்புகிறவருக்குச் சாதி கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. பெறுகிற பக்கம் எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதுதான் அழகு. தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். அவருக்கு அந்தத் தெருவைத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் கைநாட்டு வாங்கி, பக்கத்தில் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுப்பார். கூப்பனில் நாலு வரி செய்தி இருந்தால் படித்தும் காட்டுவார். ஷா செய்த வேலையை ஒரு அரசாங்கச் சம்பளக்காரர் எல்லாருக்குமாகச் செய்தார். இந்தியத் தபால் துறையின் சாதனைகளில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். பழைய முறை மணியார்டரை 2015-இல் நிறுத்தியபோது அது வெறும் மெதுவான பணப் பரிமாற்றம் என்றுதான் பேசப்பட்டது, அந்தச் சாட்சிக் கையெழுத்தைப் பற்றி அதிகம் யாரும் பேசவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு எல்லை இருந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்த மூன்றரை வருஷம் அந்தப் பக்கத்துத் தபால் அறுந்தது. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு 1945-இல் வெறும் காகிதமானது. இங்கே மாசாமாசம் தபால்காரரை எதிர்பார்த்த வீடுகள் எப்படிச் சமாளித்தன என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

ஈழத்து உண்டியல் இந்த மாதிரி அறுந்த இடத்தில்தான் மறுபடி முளைக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வன்னிக்கு வங்கி வழியாகப் பணம் போவது குதிரைக்கொம்பு. டொரண்டோவிலோ லண்டனிலோ கடையில் டாலரோ பவுண்டோ கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் தகவல் போய், அங்கே இருக்கும் ஆள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். காசு கிடைத்தது என்று வீட்டிலிருந்து போன் வந்தால் கணக்கு முடிந்தது. இதைப் பற்றி ஆர். சேரனும் ஷாரின் ஐக்கனும் 2005-இல் ஒரு ஆய்வறிக்கை எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். ரசீது கிடையாது, ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போக முடியாது. இருந்தும் ஜனங்கள் அதில் அனுப்பினார்கள் என்றால், வங்கியால் செய்ய முடியாத எதையோ அது செய்தது. கொண்டுபோகிறவருக்கு அந்த வீட்டைத் தெரியும்.

இன்றைக்கு வருவோம். ஸ்விஃப்ட் அமைப்பை 1973-இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பிரஸ்ஸல்ஸில் தொடங்கின. அதில் பணம் போவதில்லை, செய்தி மட்டும்தான் போகும். இன்ன கணக்கில் வரவு வை என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு எழுதுகிறது, வங்கிகள் தங்களுக்குள் பிற்பாடு நேர்செய்துகொள்கின்றன. ரங்கூன் மேலாள் காரைக்குடிக்கு எழுதியதும் இதே அமைப்புதான். வேகம் கூடியிருக்கு, அவ்வளவுதான். மாறியது மறுநகல் பக்கம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் ஒரு வங்கியில் (பெயர் வேண்டாம்) எனக்குக் கணக்கு இருக்கு, அம்மாவின் மருந்துச் செலவு அதிலிருந்துதான் போகும். டெபிட் கார்டு காலாவதியானது. புதுக் கார்டைப் பதிவான முகவரிக்கு, அதாவது கும்பகோணம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா அப்போது தங்கை வீட்டில், கார்டு திரும்பிப் போய்விட்டது. மறுபடி வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம் என்றால், முகவரி மாற்ற ஓடிபி வேண்டும். ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும். ரோமிங்கில் ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. சரி, நெதர்லாந்து நம்பரைப் பதிவு செய்யலாம் என்றால் அதற்கு ஏடிஎம்மில் கார்டைச் செருகணும், அல்லது கிளைக்கு நேரில் வரணும். கார்டு வேண்டுமென்றால் நம்பர், நம்பர் வேண்டுமென்றால் கார்டு. டெட்லாக் என்று கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் படித்ததை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, "சார், நீங்கதான் பேசுறீங்கன்னு எங்களுக்குத் தெரியணும் இல்லையா" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் என்னிடம் வழி இல்லை.

ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருக்கு என்பதையும் சொல்லணும். இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சான்று கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கொண்டுவந்தது உலகத்திலேயே முன்னோடியான காரியம். புதுக் கார்டுகள் வெளிநாட்டில் வேலை செய்யாதபடியே தரப்பட வேண்டும், வேண்டுமென்பவர் கேட்டுத் திறந்துகொள்ளட்டும் என்ற 2020 உத்தரவும் திருட்டைத் தடுக்கத்தான். ஹெரீஸ் இரண்டு பையில் வைக்கச் சொன்னாரே, அதே யோசனை. ஆனால் அவருடைய இரண்டாவது பை பயணியின் கூடவே போனது. நம்முடையது ஒரு நாட்டின் செல்போன் டவரில் கட்டப்பட்டிருக்கு. என்னை மாதிரி ஆட்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ரியாத்திலோ தோகாவிலோ கட்டட வேலை பார்ப்பவருக்கு, ரீசார்ஜ் பண்ணாததால் ஊர் சிம் போய், அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், ஊரில் வீடு கட்டச் சேர்த்த பணம் ஒரு லீவு கிடைக்கும்வரை அவருக்கு எட்டாது.

என் முடிச்சு எப்படி அவிழ்ந்தது? பாரத்தை நிரப்பி, பாஸ்போர்ட் நகலோடு ஹேக் நகரில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி, கூரியரில் கிளைக்கு அனுப்பினேன். தூதரக அதிகாரி என் முகத்தையும் பாஸ்போர்ட் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு முத்திரை வைத்தார். நாம் அறிவோம், இவர் சொல்வது உண்மை. ரூபாயும் ஓடிபியும் ஓடிக் களைத்த பிறகு கடைசியில் வந்து நின்றது ஒரு மேஜர்நாமாதான். கார்டு வர ஆறு வாரம் ஆச்சு.

இந்த முடிச்சைத் தளர்த்தும் ஒரு முயற்சி 2023 ஜனவரியில் வந்தது. வெளிநாட்டு செல்போன் எண்ணை வைத்தே என்ஆர்ஐ கணக்குகளில் யூபிஐ பயன்படுத்தலாம் என்று 10 நாடுகளின் எண்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த முதல் பட்டியலில் வளைகுடாவிலிருந்து ஓமான், கத்தார், சவூதி, அமீரகம் இருந்தன, சிங்கப்பூர் இருந்தது. பழைய உண்டியல் பாதையில் இருந்த மலேசியா, இலங்கை, பர்மா மூன்றும் இல்லை. நெதர்லாந்தும் இல்லை.